விரலுக்குத் தெரியாத ஆழம்

தர்ஷினி அப்பா,

பக்கத்து வீட்டு கோகிலா கார்ல சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இன்னிக்கு வலது கையில ஆப்பரேசன். சாயந்திரமே விட்டுருவாங்களாம். நேத்துலேர்ந்து நீங்க முகம் குடுத்துப் பேசல, அதான் எழுதி வைக்கிறேன்.

சோறு குக்கர்ல இருக்கு, நெத்திலி சம்பல் மூடி வச்சிருக்கேன். நேத்து மாதிரி சாப்பிடாம எந்திரிச்சுப் போகாதீங்க.

கை சுளுக்குனு உங்ககிட்ட சொன்னது பொய். மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக் கெடக்காம். இத்தன வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன கைக்கு இப்படி வருமாம். ராத்திரியில பட்டை கட்டிப் படுத்தும் கேக்கல. சொன்னா, ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் நீங்களே என்னை வேலைய விட்டு நிறுத்திருவீங்கன்னு பயம்.

நேத்து காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப எல்லார் முன்னாடியும் ஏசுனீங்களே, "மரத்த இப்படிக் காயப்படுத்தி வச்சிருக்க, கண்ணு தெரியலையா"ன்னு. கண்ணு நல்லாத்தான் தெரியுது. கத்தி ஆழமாப் போறது விரலுக்குத்தான் தெரியல. இன்னிக்கு அந்த டாக்டர் கைக்காவது தெரியணும்.

தர்ஷினி மூணு மணிக்கு ஸ்கூல் பஸ்ல வருவா. அவகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன்.

இந்திராணி

என் கத்தியத் தீட்டி வைக்காதீங்க. ஆறு வாரம் மரத்துக்குப் போகக் கூடாதாம்.

இன்னொன்னு. அடுப்படியில வெறுங்காலோட நடக்காதீங்க, கண்ணாடித் துண்டு இன்னும் கெடக்கும். நேத்து ஒடஞ்ச அந்த டீ கிளாஸ நான் கோவத்துல வீசல. உங்ககிட்டத்தான் நீட்டுனேன். அது என் கையில இல்லன்னு, ஒடஞ்ச சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சது.