ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

காலடிப்பேட்டை,
12.1.2003

ஆருயிர்த் தோழி ரிஃபானாவுக்கு,

மகி எழுதுவது. நானும் என் கிளினிக்கும் இந்த ஊர்க் கொசுக்களும் நலம். பம்பாய் போனதும் உனக்கு எழுதவே கை வரவில்லை, பெரிய கம்பெனி டாக்டர் ஆகிவிட்டாய்.

நீ கேட்டதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் புது சர்க்கரை மாத்திரையைப் பாதிப் பேருக்கும், வழக்கமான மலிவு மாத்திரையை மீதிப் பேருக்கும் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தாயிற்று. நீ அனுப்பிய இலவச சாம்பிள் இருந்தவரை புதுசுதான் கொஞ்சம் மேல், மறைக்கவில்லை. சாம்பிள் தீர்ந்து காசு போட்டு வாங்க ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழ். அந்த விலைக்குத் தினம் யாரால் வாங்க முடியும்? கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நாளில் சும்மா இருக்கிறார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கும் கோதண்டம் எனக்கே பாடம் நடத்துகிறார்: "வெலை ஜாஸ்தின்னா பவரும் ஜாஸ்தி தானே டாக்டரம்மா? ஒண்ணு போட்டா ஒரு வாரம் தாங்கும்." சிரித்துவிட்டேன். அவருடைய சர்க்கரை அளவோ முன்னூறைத் தாண்டியிருந்தது. பழசைத் தினம் போடுகிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஜெயித்தது பழசுதான்.

நீ பேசப்போகும் டாக்டர்கள் மாநாட்டில் இதை அப்படியே சொல்லுடி. நாலு பெரிய டாக்டர்கள் கேட்டால் உங்கள் ஆட்கள் விலையைக் குறைப்பார்கள். நம்ம ராயபுரத்துப் பெண் என்று உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

உன்,
மகி


மும்பை,
2.4.2003

செல்ல மகி,

மாநாடு அமர்க்களம். நம் ஆய்வைச் சொன்னதும் அத்தனை கைதட்டல். உன் பெயரைத்தான் முதலில் போட்டேன், சந்தோஷமா? கணக்கைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. வழக்கமான வேலைதான், அதற்காக உன்னைத் தொந்தரவு செய்யவில்லை.

இங்கேயும் கடல் இருக்கிறது, காசிமேட்டு வஞ்சிரம்தான் இல்லை. ஒரு பருத்திப் புடவை அனுப்பியிருக்கிறேன். பீரோவில் பூட்டிவைக்காமல் கட்டு.

உன் தோஸ்து,
ரிஃபா


காலடிப்பேட்டை,
20.9.2003

ரிஃபா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

மீன் விற்கும் கெங்கம்மா பழைய மாத்திரையில் நன்றாக இருந்தவர். சில மாதங்களாக ஆளைக் காணோம். இன்று கால் கட்டோடு வந்தார். கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கத்தினேன். மருந்துக்கடையில் கொடுத்த ஒரு நோட்டீஸை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். "உன் பேரு போட்டு கீதுன்னு படிச்சி சொன்னாங்கோ. நீயே சொல்றேன்னுதான் புதுசு வாங்கினேன். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை தவறாம போட்டேம்மா."

வடசென்னை ஏழைகளிடம் பழசை வென்ற மாத்திரையாம். கீழே என் பெயர், என் பட்டம். சாம்பிள் தீர்ந்த நாளோடு கணக்கையும் நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு கோதண்டமெல்லாம் மனுஷனே இல்லையா? என்னைக் காட்டியே என் ஜனங்களிடம் விற்றிருக்கிறாய். என் நெஞ்சு எரிகிறது ரிஃபா.

இன்னும் எத்தனை பேர் மாறினார்களோ, தெரியவில்லை. நோட்டீஸைத் திரும்ப வாங்கு. முழுக் கணக்கையும் வெளியிடு.

மகி


மும்பை,
6.10.2003

அன்பு மகி,

கெங்கம்மாவை நினைத்து அழுதேன். ஆனால் தினம் போடாமல் விட்டது மாத்திரையின் குற்றமா? முறையாகச் சாப்பிட்ட காலத்தை மட்டும் எடு என்றார்கள் கம்பெனியில், எடுத்தேன். நோட்டீஸ் என் பார்வைக்கு வந்துதான் அச்சுக்குப் போனது, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அதைத் திரும்ப வாங்குவது என் கையில் இல்லை. அடுத்த அச்சில் உன் பெயரை எடுக்கச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் நம்பு. இது நல்ல மருந்து. என்னைப் பெற்றவளுக்கு எதைச் சொல்வேனோ அதைத்தான் உன் ஜனங்களுக்கும் சொன்னேன். கோபம் ஆறினதும் எழுது.

ரிஃபா


காலடிப்பேட்டை,
24.10.2003

ரிஃபானாவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்து மனசு இளகியது. தப்பாகவே இருந்தாலும் நம்பித்தானே செய்திருக்கிறாள் என்று சமாதானமாகி, பதில் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது உன் அம்மா வந்தார்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லையாம், நோன்புக்கு முன்னால் சர்க்கரை பார்க்க ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார்கள். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டை, நான் எழுதும் அதே பழைய மாத்திரை.

"அந்த டாக்டரு புதுசுக்கு மாத்துறேன்னாரும்மா. ரிஃபாதான் போன்ல கண்டிச்சு சொல்லிட்டா, யாரு எழுதினாலும் வாங்காதேம்மா, தெனம் போட்டாத்தான் கேக்கும், அதுக்குப் பழசுதான் லாயக்குன்னு."

எப்போது சொன்னாள் என்று கேட்டேன். மாநாடு முடிந்த வாரமாம்.

மகள் சொன்னபடியே போடுங்கள் என்று எழுதிக் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் போய் ஏற்றிவிட்டேன். முழுக் கணக்கையும் மாநாட்டுக்காரர்களுக்கு இன்று தபாலில் சேர்த்தாயிற்று.

உன் அம்மா எப்போது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
டாக்டர் மகிழினி