ரோட்டில் பரப்பிய உளுந்து

அன்பு மகள் அருள்மொழிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், அங்கே ஐதராபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று பதறாதே. போனில் ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுப்பாள், நீ குறுக்கே ஆயிரம் கேள்வி கேட்பாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். மழை இந்தத் தடவை அளவாகப் பெய்தது, உளுந்து நன்றாகக் காய்த்தது, சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மா பொங்கலுக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று இப்போதே முறுக்கு சுட்டு டின்னில் அடைத்துவிட்டாள், என்னைக் கிட்டவே விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள், பள்ளிக்கூட லீவும் முடிகிற நாள், சிதம்பரம் போனவர்கள் பிச்சாவரம் போனவர்கள் என்று நம் ஊர் ரோட்டில் கார் மேல் கார். நான் பிடுங்கி வைத்திருந்த உளுந்துச் செடியை எல்லாம் ரோட்டில் பரப்பினேன். லீவு நாளில் வண்டி ஜாஸ்தி, டயர் ஏறி ஏறி ஒரே நாளில் காய் உடைந்து பயறு உதிர்ந்துவிடும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வருஷா வருஷம் ஊரே செய்வதுதானே, அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றியதில்லை. பத்து மணி வாக்கில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள், பின்னால் அவள் அம்மா, இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். எதிரே வந்த காருக்கு ஒதுங்கிச் செடி மேல் ஏறி பிரேக் பிடித்தாள், வண்டி அப்படியே வழுக்கிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். பெண்ணுக்குச் சிராய்ப்புதான், அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கூட்டம் கூடி என்னாச்சு என்னாச்சு என்று கேட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குள் என் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டு, பொண்ணு வேகமா வந்துச்சுப்பா என்று சொல்லிவிட்டது. அருள், அவள் வேகமாக வரவில்லை. ஒரு சைக்கிள்காரன்கூட அவளை முந்திப் போயிருப்பான்.

ஒரு காரில் ஏற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், நானும் போனேன். அவர்களுக்குப் பரங்கிப்பேட்டை, அந்த அம்மாள் பெயர் சலீமா பீவி, பெண் ஷாசியா, கடலூரில் ஒரு லேபில் வேலை, தினமும் அந்த ஸ்கூட்டரில்தான் போய் வருகிறாளாம். அவள் வாப்பா ஹிதாயத்துல்லா வந்து சேர்ந்ததும் யாரோ நான் சொன்னதை அவர் காதில் போட்டுவிட்டார்கள். அப்பவே வாணாம்னு சொன்னேன், நீ வண்டி ஓட்டிக் கிழிச்சது போதும், இனிமே வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பெண் மெதுவாத்தான் வந்தேன் வாப்பா என்று ஒரு தடவை சொன்னாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். வெட்கக்கேடு.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் அம்மா துருவித் துருவிக் கேட்டாள், சொன்னேன், அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டை போய் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, தப்பு என்னுடையது, செடியைப் போட்டவனும் நான், பொய் சொன்னவனும் நான் என்று ஹிதாயத்துல்லா எதிரில் நின்று சொன்னேன். பெரிய மனுஷன் இப்படிப் பண்ணலாமாங்க என்று அவர் கோபமாகக் கேட்டார், நியாயம்தானே, வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து சலீமா பீவி மாவுக்கட்டுக் கையோடு வந்து, எம் பொண்ணு மெதுவாத்தான் வந்துச்சுன்னு அன்னைக்கே சொன்னேன், இந்த மனுஷன் காதுல வாங்குனாத்தானே என்று அவரை ஒரு பிடி பிடித்தார். அவர் எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து பெண் கையில் கொடுத்தார். எனக்கு டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது ஷாசியா, இனிமே ரோட்ல போடாதீங்க மாமா, அது போதும் என்றாள். மிச்ச உளுந்தைக் களத்தில் போட்டு, டிராக்டர் வைத்திருக்கும் நம்ம ஊர் செம்பியனைக் கூப்பிட்டு, வண்டியை மேலே ஓட்டி அடித்தாகிவிட்டது.

நீங்கள் காரில் வருகிறீர்கள். ஒரே மூச்சில் வந்துவிடாதீர்கள், நெல்லூரில் ரூம் போட்டு நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள், குழந்தையைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வை, ஓட்டும்போது போனைத் தொடாதே. ரோட்டில் செடியோ வைக்கோலோ கிடந்தால் மேலே ஏற்றாதே, நிறுத்தி வழி பார்த்துப் போ. போன வாரம் போனில், மாப்பிள்ளையே முழுக்க ஓட்டட்டும், நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வா என்று சொன்னேன் இல்லையா, அது உன் கையை நம்பாமல் சொன்னது. அதை மறந்துவிடு தாயி. கடலூர் தாண்டினதும் நீ ஓட்டிக்கொண்டு வா, அப்பா ரோட்டில் நின்று பார்க்கிறேன்.

எல்லோரும் நூறு வயது நோய் நொடி இல்லாமல் இருங்கள். கிளம்புவதற்கு முன் நாலு டயரிலும் காற்றைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
கோவிந்தசாமி