மேற்படியார் வீட்டுப் படிகள்

நேற்று மகளின் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே தேன்மெழுகு மணம் மூக்கில் ஏறியது. யாரோ மரத்தரைக்கு அன்றுதான் மெழுகு பூசியிருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நான் உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகள் முழங்கையால் இடித்தாள்.

லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் பிடித்துப் போய் நாம் இருவரும் துப்புரவு வேலை செய்த பழைய மாளிகையின் மணம் அது. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஒரு வழக்கறிஞர் கட்டிய வீடு. நம் காலத்தில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். மாடிப்படிகளுக்கு மெழுகு பூசுவது நம் பாடு. மேற்படிகள் உனக்கு, கீழ்ப்படிகள் எனக்கு. உச்சிப்படிக்கு நேரே அந்த வழக்கறிஞரின் ஓவியம், வெள்ளைக் கழுத்துப் பட்டியும் புளியங்காய் கடித்த முகமுமாகத் தொங்கியது. நீதான் அவருக்கு ‘மேற்படியார்’ என்று பெயர் வைத்தாய். யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் பிரக்கிராசியார் ஒருவரின் கந்தோரில் பத்து வருடம் தட்டச்சு செய்தவள் நீ. மேற்படி காணி, மேற்படி கிணறு, மேற்படி மனைவி என்று தட்டிப் பழகிய உனக்கு அந்தச் சொல் தானாக வந்தது.

வீட்டைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி வேலைக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு ஒட்டிய அன்று, துணியைக் கீழே வைத்தாய்.

“நான் கேக்கப் போறன்.”

“உனக்கென்ன விசரே? வாயைத் திறந்தா சிரிப்பினம். இருக்கிற வேலையும் போயிடும்.”

“சிரிக்கட்டும். முழங்கால் தேயுது, எடி. நிண்டு கதைக்கிற வேலை ஒண்டு எனக்கு வேணும்.”

எனக்குப் பயம். கொஞ்சம் பொறாமையும்தான், இப்போது சொன்னால் என்ன.

மாளிகையின் மேலாளராக இருந்த அம்மாவுக்கும் பதினைந்து பார்வையாளர்களுக்கும் முன்னால் மேற்படியாரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. நீ மேலே நின்றாய். நான் கீழ்ப்படியில் துடைப்பதுபோல் பாவனை செய்தேன். உன் ஆங்கிலம் முழுக்க உறுதிகளில் படித்த ஆங்கிலம். ‘அஃபோர்செட் ஜென்டில்மேன்’, அதாவது ‘மேற்படி கனவான்’, என்றுதான் தொடங்கினாய். மேற்படி கனவான் கம்பளி வியாபாரியின் இரண்டாவது மகன். லண்டனில் சட்டம் படித்தார், வழக்குப் பேசிப் பேசியே நிலம் சேர்த்தார், பாராளுமன்றத்துக்கும் போனார். அரசரோடு பாராளுமன்றம் சண்டை பிடித்தபோது அரசருக்கு எதிர்ப்பக்கம். முடியாட்சி திரும்பியதும் முதல் வரிசையில் நின்று வணங்கினார். அடுத்து மேற்படி மனைவி, பிறகு மேற்படி குதிரை. ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தார். நான் துடைத்த படியையே திரும்பத் துடைத்தேன்.

நீ அசையவில்லை. வேலிக் கதைக்கு வந்தாய். பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஓர் அடி தள்ளிப் போட்டதற்காக மேற்படியார் பதினெட்டு வருடம் வழக்காடியிருக்கிறார். எங்கள் ஊரிலும் இதே கதைதான் என்றாய். வேலிக்கு நடும் உயிர்த்தடிக்குக் கதியால் என்று பெயர், அதை ஒரு சாண் நகர்த்தினால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகும், அந்த வழக்குகளைத் தட்டியே என் விரல் தேய்ந்தது என்று விரலைத் தூக்கிக் காட்டினாய். “அரசரோடு சமாதானமாகப் போனவர், அடுத்த வீட்டுக்காரரோடு மட்டும் சாகும்வரை போகவில்லை” என்று முடித்தாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இது வேறு சிரிப்பு. மேலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை உனக்குத்தான், அந்த ‘மேற்படி’யை மட்டும் விட்டுவிடாதே என்றார். அன்று பஸ்ஸில் சிரித்த சிரிப்பில் இறங்க மறந்து, இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தோம்.

உன் இறுதிச் சடங்கில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி உன் மகன் என்னிடம் வந்தான்.

“எனக்கு இங்கிலிஷிலை ஏலாது, தம்பி.”

“அம்மா உங்களைத்தான் கேக்கச் சொன்னவ, அன்ரி.”

போய் நின்றேன். ‘அஃபோர்செட் லேடி’ என்று தொடங்கினேன். பின்வரிசையில் மேலாளர் அம்மாவின் சிரிப்பு முதலில் கேட்டது. பிறகு அழுதுகொண்டே உன் பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பயம் வரவில்லை.

நேற்றைய கூட்டத்தின் கடைசியில், யாராவது ஏதும் கேட்க வேண்டுமா என்று ஆசிரியை கேட்டார். முன்பென்றால் மகளின் காதில் தமிழில் சொல்லி அவளைக் கேட்கச் செய்திருப்பேன். நேற்று, உன் மேற்படி சிநேகிதி எழுந்து நின்றாள்.