நான்காவது படுக்கை

செப்டம்பர் 9, செவ்வாய்

"தசராவுக்கு ஊர் உலகமே மைசூருக்கு வரும், நாம கப்பல்ல போவோம்" என்று ஜூன் மாதத்திலிருந்தே இவர் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலம் டிராவல்ஸ்காரர் போன் செய்தார். எங்கள் பட்ஜெட்டுக்குள் இருந்த நால்வர் அறை போய்விட்டதாம். ஜன்னல் இல்லாத மூவர் அறை ஒன்றுதான் மிச்சம். நான்காவது ஆளுக்குத் தனி அறை எடுக்க வேண்டும். அது எங்களால் ஆகாது.

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. கொலுவுக்கு விளக்கேத்த வீட்ல ஒரு ஆள் வேணுமே" என்றேன்.

பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"மூரே ஜன சார்" என்று இவர் கன்னடத்தில் சொல்லிவிட்டார். மூன்றே பேர். "அப்போ மேல் படுக்கை எனக்கு!" என்று பெரியவள் கத்த, சின்னவன் அவளோடு சண்டைக்குப் போனான்.

எங்கள் வீட்டில் விருந்தாளி போதும் என்று கையால் இலையை மறைத்தால்கூட, இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் விடுவோம்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இட்லிக்கு அரைத்தேன். கப்பலில் குமட்டினால் போட்டுக்கொள்ள மூன்று பேருக்கும் மாத்திரை வாங்க வேண்டும்.

படுக்கும்போது இவர், "உனக்குக் கடல்னாலே பயம்தானே?" என்றார்.

ஆமாம் என்றேன். கடலை நான் இன்னும் பார்த்ததே இல்லை.