வக்கூம் குழாயில் கட்டிய தகடு

வெள்ளி இரவு.

பிளாட்டின் கீழே பிக்கப்பைச் சுற்றி நின்றது இவர், இவருடைய தம்பி, நான். பிளக் மாற்றியும் வண்டி உதறியது.

"எஞ்சின் முடிஞ்சுது அண்ணை, எனக்கே தாங்கோ," என்றான் தம்பி, பெரிய எஞ்சினியர் மாதிரி.

உள்ளே ஏதோ சீறியது. எஞ்சினோடு பொருத்திய வக்கூம் குழாய், காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய், வெடித்திருந்தது; வெடிப்பை விரலால் பொத்தினேன். உதறல் நின்றது. கோயிலில் மந்திரித்த தகட்டை அதில் கம்பியால் இறுக்கிக் கட்டிக் குழாயை அறுத்தவன் தம்பிதான்.

"காவலுக்குக் கட்டினது, அண்ணி."

மூளைக்கும் ஒன்று கட்டியிருக்கலாம்.

"குழாயை மாத்தினால் சரிதானே?" என்றேன்.

"தம்பிக்குக் குடுக்கிறனெண்டு சொல்லிப்போட்டன்," என்றார் இவர். இவருக்கு முதுகெலும்பு எப்போதுதான் இருந்தது?

பிக்கப் போனால் எங்கள் கடைக்கு மரக்கறியை எதில் ஏற்றுவது? முருகா, வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்ற நாளைக்குக் கையெழுத்து வைக்கப்போகிறார். நான் மறிக்கவா, விடவா? கெதியாகப் பதில் சொல்லு.