மஞ்சள் கயிறும் ஐம்பது படங்களும்

மார்ச் 3, திங்கள்
எங்கள் கிளினிக்கைப் பார்க்கத் தர அங்கீகாரக் குழு அடுத்த மாதம் வருகிறது. அதற்குள் இன்னொரு தலைவலி. எக்ஸ்ரே படிக்கும் ஏஐ நம்மூர் நோயாளிகளுக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று நாமே சோதிக்க வேண்டுமாம். அது ‘நார்மல்’ என்று தள்ளிய ஐம்பது படங்களை மனிதக் கண் மறுபடி பார்க்கணும். யார் கண்? இந்த வாசுகி கண்தான். படம் எடுப்பதும் நான், படிவம் நிரப்புவதும் நானா?

மார்ச் 4
பதினெட்டு முடிந்தது. கண் எரிகிறது.

மார்ச் 5, புதன்
முப்பத்தொன்றாவது படம். மருதம்மாள், பாடாங் மேஹா தோட்டம். நான் எடுத்ததுதான். தாலியைக் கழற்ற அந்த அக்கா தயங்கினார். புருஷன் இருக்கும்போது எப்படி வற்புறுத்துவது என்று தோள்பக்கம் ஒதுக்கிவிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறேன். ஏஐ அதை உலோகம் என்று குறித்து, அந்த இடத்தை விட்டுவிட்டு, நார்மல் போட்டிருக்கிறது. தாலியின் ஓரத்தில், நுரையீரல் உச்சியில், வெள்ளையாக ஏதோ—

ஐயோ, படம் எடுத்து மூணு வாரமாச்சே! என்ன காரியம் பண்ணிட்டேன்?

எங்கள் டாக்டர் தர்மினியிடம் ஓடிப்போய்க் காட்டினேன், திட்டவில்லை. “முதல்ல அவங்கள கூப்பிடுலா. மத்தத அப்புறம் பேசலாம்.”

மார்ச் 6
மருதம்மாள் அக்கா வந்துவிட்டார். “வெறுங்கழுத்தா நிக்கச் சொல்றீங்களே மிஸ்ஸி” என்று கண் கலங்கினார். எதிர்க்கடைக்கு ஓடி மஞ்சள் கயிறும் அதில் கோக்க ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்தேன். அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தாலியைக் கழற்றினார்.

மார்ச் 12
சளிச் சோதனை முடிவு வந்தது. காசநோய். ஆரம்ப நிலை, ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். தாலி ஒதுக்கி எடுத்த மற்ற படங்களையும் டாக்டர் பார்த்துவிட்டார், வேறு யாருக்கும் இல்லை. முருகா, உனக்குக் கோடி நன்றி.

ஏப்ரல் 22, செவ்வாய்
குழு வந்தது. மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. என்னால் அங்கீகாரம் போய்விட்டால்? மனசு கேட்கவில்லை. நடந்ததை எழுதிய படிவத்தை அப்படியே நீட்டினேன். சிவநேசன் என்ற அதிகாரி இரண்டு முறை படித்தார். “இதைக் கண்டுபிடிக்கத்தாம்மா அந்த விதியே இருக்கு. ஐம்பதும் சரின்னு எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.”

நான் திட்டித் தீர்த்த படிவத்தைக் கும்பிடலாம் போலிருந்தது.

மே 28
அங்கீகாரம் கிடைத்தது! எங்கள் விதிமுறையில் ஒரு புது வரி: எக்ஸ்ரே அறையில் மஞ்சள் கயிறு எப்போதும் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்
ஆறு மாத மருந்து முடிந்து மருதம்மாள் அக்கா கடைசிப் படத்துக்கு வந்தார். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. நான் கயிற்றை எடுப்பதற்குள், கொண்டுவந்த கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “பத்திரம் மிஸ்ஸி.”

ஏஐ நார்மல் என்றது. டாக்டரும் பார்த்து நார்மல் என்றார்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு கட்டு மஞ்சள் கயிற்றை எடுத்து மேஜையில் வைத்தார். “அடுத்து வர்றவங்களுக்கு.”