சாட்சி மாறும் இடம்

14.6.2005, செவ்வாய்

பழைய கேசட்டில் அந்தக் கோர்ட் சீரியலை இன்று மறுபடி பார்த்தோம். என் சின்ன வயதில், கூண்டில் ஏறிச் சொல் மாறும் சாட்சியைக் கண்டாலே அத்தா, "இவன்லாம் ஒரு மனுசனா!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். இன்று கத்தவில்லை. அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு செல்வம் அண்ணா மேல் லாரி ஏறியதைப் பார்த்தது அத்தா ஒருவர்தான். நாளை தாம்பரம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். மத்தியானம் லாரி முதலாளியின் ஆள் வந்தான். நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "பாப்பா எந்த பஸ்ல காலேஜ் போவுது பாய்?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த அறையில் அத்தா தொழுது முடித்துவிட்டார். இன்னும் குரல் கேட்கிறது. "சரியா ஞாபகம் இல்லீங்க ஐயா." சீரியல் சாட்சியின் அதே இழுவை.

போய் நிறுத்தச் சொல்லலாம். காலையில் நான் பஸ் பிடிக்க வேண்டும்.